ஏற்றத்தில் பின் சீட்டு, இறக்கத்தில் முன் சீட்டு

என் அண்ணனுக்குப் பெண் கிடைக்கவில்லை. அதனால் ஒரு வண்டி வாங்கினான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, தரகர் சொன்னாராம். "கேரட்டு லோடு ஏத்துற வண்டியில போயி எறங்குனா யாருங்க பொண்ணு குடுப்பாங்க? பாக்க காரு மாதிரி ஒண்ணு இருக்கோணுமுங்க" என்றாராம். கார் வாங்கினால் கேரட்டை எதில் ஏற்றுவது? இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடிப் பிடித்தான். முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டியில் மூட்டை போடலாம். கோயம்புத்தூரில் யாரோ ஆசைப்பட்டு வாங்கி, கூரையை அறுத்து ஒரு கண்ணாடிக் கதவு வைத்து, ஆசை தீருவதற்குள் விற்றுவிட்ட பிக்கப். அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பெயர் சன்ரூஃப்.

கேத்தியில் எங்கள் வீட்டு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். பொத்தானை அழுத்திக் கூரையைத் திறந்தான். மேகம் உள்ளே இறங்கியது. "சூரியன் எங்கடா கண்ணு?" என்றார் அம்மா, ஆசையாகத்தான்.

எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. கல்யாணமாகி அரவங்காட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன் என்றாலும், பிறந்த வீட்டில் நல்லது கெட்டது எதுவும் என்னைக் கேட்காமல் நடக்காது. நடந்தால் நான் விடமாட்டேன்.

"ஏண்ணா, வருசத்துல பாதி நாள் குடை புடிக்கற ஊருக்கு, கூரையில ஓட்டை போட்ட வண்டிய எவனாச்சும் வாங்கிட்டு வருவானா?"

"உனக்குப் பொறாமை புள்ள" என்றான்.

பொறாமையா! அடுத்த வாரமே மழை வந்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஊட்டிக்கு ஏறினோம். பின் சீட்டில் இடதுபக்கம் உட்கார்ந்திருந்தேன். முதல் ஏற்றத்திலேயே என் உச்சந்தலையில் யாரோ ஒரு டம்ளர் தண்ணீரைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. கத்தினேன். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "எனக்கு ஒண்ணும் ஒழுவலையே" என்றான். திரும்பி வருகையில் உஷாராக முன் சீட்டுக்கு மாறிக்கொண்டேன். இறக்கத்தில் தண்ணீரும் முன்னால் வந்துவிட்டது.

விஷயம் இதுதான். அந்தக் கண்ணாடியைச் சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் உண்டு. அதில் சேருகிற மழைத் தண்ணீர் நான்கு மூலையிலும் இருக்கிற குழாய்கள் வழியாக வண்டிக்கு அடியில் இறங்கிவிட வேண்டும். எங்கள் வண்டியில் வலதுபக்கக் குழாய்கள் சரியாக இருந்தன. இடதுபக்கம் இரண்டும் என்ன ஆயின என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சில்வர் ஓக் மரத்துச் சருகு அடைத்துக்கொண்டது என்றார் ஒருவர். அறுத்தவன் அந்தப் பக்கம் குழாயே மாட்டவில்லை என்றார் இன்னொருவர். மலை ஏறினால் இடது பின் சீட்டு நனையும், இறங்கினால் இடது முன் சீட்டு நனையும். ஓட்டுகிறவன் மேல் மட்டும் ஒரு சொட்டு விழாது. அதனால் வண்டி ஒழுகுகிறது என்பதையே அவன் வெகுநாள் ஒரு வதந்தியாகத்தான் எடுத்துக்கொண்டான்.

நான் போட்ட சண்டையில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனான். சமதரையில் நிறுத்தி, குழாய் வைத்து, அரை மணி நேரம் கூரைமேல் தண்ணீர் அடித்தார்கள். நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஒரு சொட்டு? ம்ஹூம். சமதரையில் தண்ணீர் முழுக்க நல்ல குழாய் வழியாகப் போய்விடுகிறதே! மெக்கானிக் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தண்ணி பாட்டில மூடாம வெச்சிருப்பீங்கம்மா" என்றார். அண்ணன் முகத்தில் அப்படி ஒரு வெற்றிச் சிரிப்பு. அன்று சாயங்காலம் பர்லியாறு தாண்டி மழை பிடித்ததும் எனக்கு மறுபடியும் அபிஷேகம். கோயம்புத்தூர் வரை கேட்கும்படி திட்டினேன்.

குன்னூரில் ஒருவர் கண்ணாடியைச் சுற்றிப் பசை அப்பினார். ஒழுகுவது நிற்கவில்லை, திறப்பது நின்றது. பிறகு மார்க்கெட் முன்னால் நிறுத்தியிருந்தபோது, யாரும் தொடாமலே, தானாகத் திறந்துகொண்டது. நாங்கள் திரும்பி வந்து பார்த்தால் ஓட்டுநர் சீட்டில் ஒரு குரங்கு உட்கார்ந்து கொய்யா தின்றுகொண்டிருந்தது. பசையை ஒரு மணி நேரம் சுரண்டித்தான் மூட முடிந்தது. மேலே தார்ப்பாய் கட்டியும் பார்த்தோம். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய் அடுத்தவர் தேயிலைத் தோட்டத்தில் போட்டது. அந்தத் தோட்டக்காரரிடமும் நான்தான் பேச்சு வாங்கினேன்.

இவ்வளவு திட்டினாலும் ஒன்று சொல்லவேண்டும். என் அண்ணன் கெட்டவன் இல்லை. அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, கடைக்கு முதல் மெஷினும் வாங்கிப் போட்டவன். அதற்குள் அவனுக்கு வயது ஓடிவிட்டது. பெண் பார்த்துவிட்டு வந்தபிறகு அந்த வீட்டிலிருந்து போன் வராது. வராத போனைப் பற்றி அவன் பேசவும் மாட்டான். காலையில் எழுந்து கேரட் மூட்டைகளை இறக்கி மறுபடி அடுக்குவான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

போன ஐப்பசியில் காரமடையில் ஒரு இடம் கூடி வந்தது. பெண் நூல் மில்லில், நூலில் பழுது இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற பிரிவில் வேலை. எங்களுக்குப் பிடித்துவிட்டது. அவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பெண் வருகிற வழக்கமில்லை. "நான் இருக்கப்போற ஊட்ட நான் பாக்காம யாரு பாக்கறது?" என்று கேட்டுவிட்டு அவளும் கிளம்பினாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துப்போயிற்று.

பஸ்ஸில் வருகிறோம் என்றுதான் சொன்னார்கள். அண்ணன் விட்டால்தானே? "வளைவுல வாந்தி வருமுங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேனுங்க" என்றான். நானும் கூடப் போனேன். காரமடையில் நல்ல வெயில். அவர்கள் வீட்டு வாசலில் கூரையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து காட்டினான். தெருவே வேடிக்கை பார்த்தது. வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துவிட்டுக்கொண்டதும் இல்லாமல், அதை ஊருக்கும் காட்டுகிறானே என்று நான் பல்லைக் கடித்தேன்.

உட்காரும் இடம் முன்பே பேசி வைத்தது. பெண்ணின் அப்பா, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் ஜரிகைத் துண்டுமாக, மரியாதையாக முன் சீட்டில். பின்னால் வலதுபக்கம் பெண்ணின் அம்மா, நடுவில் பெண், இடதுபக்கம் நான். ஏற்றத்தில் அந்த இடம் என்னுடையது. அண்ணனுக்காக ஒரு நாள் நனைந்தால் குறைந்தா போய்விடுவேன்?

பர்லியாறில் மழை பிடித்தது. முதல் வளைவில் கழுத்துக்குள் இறங்கியது பாருங்கள், ஐப்பசித் தண்ணீர், உயிர் போய் உயிர் வந்தது. நான் அசையவில்லை. கேத்தியில் கேரட் எப்படி விளையும், பனி விழுந்தால் என்ன செய்வோம் என்று பேசிக்கொண்டே வந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம், முதுகில் ஓடுகிற தண்ணீரை மறைப்பதுதான் கஷ்டம். பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நனையறீங்களா?"

"இல்லீங்க, வேர்க்குது. மலை ஏறுனா எனக்கு நெம்ப வேர்க்குமுங்க."

அவள் சால்வை போர்த்தி நடுங்கிக்கொண்டிருந்தாள். தன் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறை.

வீட்டில் எல்லாம் நன்றாகவே நடந்தது. நான் சேலை மாற்றிக்கொண்டு வருவதற்குள் பெண் தோட்டத்தைச் சுற்றி வந்து, அடுப்படியில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஊடு நல்லாருக்குதுங்க, மனுசரும் நல்லாருக்கறீங்க" என்றார் அவள் அப்பா. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பாடு முடியும்போது மழை விட்டு வெயிலும் அடித்தது. அண்ணன் தெம்பாகிவிட்டான். ஆனால் எங்கள் வாசல் இடதுபக்கம் சரிவு; நல்ல குழாய்க்குப் போகாமல் கூரை வாய்க்காலில் அத்தனை நேரம் பெய்த தண்ணீர் நிற்குமே, அதற்கு வானம் வெளுத்தது தெரியுமா?

கிளம்பும்போது நான் முன்கதவைப் பிடித்துக்கொண்டு, "மாமா, நீங்க பின்னால சௌரியமா சாஞ்சு உக்காருங்க, நான் முன்னால வர்றேன்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வர்றப்ப முன்னால உக்கார வெச்சீங்க. உங்க ஊட்டுல சாப்புட்டுக் கை நனைச்ச பொறவு பின்னால தள்றீங்க. நாங்க ஏதாச்சும் கொறை சொன்னமுங்களா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க!"

"பொறவு என்னத்துக்கு?"

என்ன சொல்வேன்? அண்ணனைப் பார்த்தேன். சொல்லித் தொலையேன் என்று கண்ணால் கெஞ்சினேன். அவனோ, "உங்க இஷ்டம் மாமா, முன்னாலயே உக்காருங்க" என்றான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் பின்னால் என் பழைய இடத்தில், வாழ்க்கையில் முதல் தடவையாக நனையாமல், அவர் பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெலிங்டனில் முதல் சொட்டு விழுந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். "பனிங்க மாமா" என்றான் அண்ணன். வெயிலில் கண் கூசியது. குன்னூர் தாண்டி காட்டேரி இறக்கத்தில், வளைவில் ஒரு பஸ் எதிரே வந்தது. அண்ணன் பிரேக்கை அழுத்தினான். அவ்வளவுதான். காலையிலிருந்து சேர்ந்தது மொத்தமும் முன்னால் ஓடிவந்து அவர் தலையில் கொட்டியது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வண்டிய நிறுத்துங்க."

அண்ணன் ஓரங்கட்டினான். போச்சு, இதுவும் போச்சு, நாளைக்கு மூட்டை அடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்தான் கேட்டாள்.

"ஏனுங்க, இது வாங்குனதுலேர்ந்தே ஒழுவுதுங்களா?"

"ஆமாங்க."

"பொறவு ஏன் விக்காம வெச்சிருக்கறீங்க?"

அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஒழுவுதுன்னு சொன்னா எவனும் வாங்கமாட்டானுங்க. சொல்லாம விக்க எனக்கு மனசு வரலீங்க."

"வண்டி வாங்கறவனுக்குச் சொல்லோணும், பொண்ணு குடுக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டாமுங்களா?"

பளாரென்று அறைந்ததுபோல் இருந்தது, அவனுக்கு மட்டுமல்ல, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும். அண்ணன் காது சிவந்துவிட்டது. மளமளவென்று ஆரம்பித்தான். "தரகரு முப்பத்தெட்டுன்னு சொல்லியிருப்பாருங்க. எனக்கு நாப்பத்தொண்ணு. தலைக்கு டை போட்டிருக்கறேன். இந்தக் கூரைக் கதவு வெச்ச வண்டி கூட பொண்ணு பாக்கப் போறதுக்காகத்தான் வாங்கினேன். காலையில தெருவுல கதவத் தெறந்து காட்டுனப்ப, அது மூடோணுமேன்னு சாமி கும்புட்டுட்டு இருந்தேனுங்க."

"எனக்கு முப்பத்திரண்டு இல்லீங்க, முப்பத்தாறு" என்றாள் அவள்.

"ஏ புள்ள!" என்று அவள் அம்மா மகளின் தொடையில் கிள்ளினார்.

முன் சீட்டிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் உண்மை பேசி முடிச்சீங்கன்னா, ஆராச்சும் ஒரு காஞ்ச துண்டு குடுங்க."

என் சால்வையைக் கொடுத்தேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போதே பெண் என் கால்களைத் தாண்டி என் பக்கமாக இறங்கினாள். முன்கதவைத் திறந்து நின்றாள்.

"அப்பா, நீங்க பின்னால போங்க."

அவர் மகளைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். பிறகு இறங்கி எங்களோடு வந்து உட்கார்ந்தார். அவள் அந்த ஈர சீட்டைக் கையால் ஒரு தரம் துடைத்தாள்.

"இன்னும் வருமுங்களா?"

"வருமுங்க" என்றான் அண்ணன். "ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் வருமுங்க."

"சரி" என்று உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

வண்டி நகர்ந்தது. அண்ணன் அப்படி ஓட்டி நான் பார்த்ததே இல்லை. பின்னால் வந்த லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின, அவன் காதில் வாங்கவில்லை. அப்படியும் அடுத்த வளைவில் அவள் தலையில் விழுந்தது. "அய்யோ, என்ன ஜில்லு!" என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எப்பவும் இவ்வளவு மெதுவாத்தான் ஓட்டுவீங்களா?"

அண்ணன் கியரை ஒன்று குறைத்தான்.

"இல்லீங்க" என்றான். "இன்னிக்கு மட்டுந்தானுங்க."