முட்டைக்கு உப்புப் பார்த்தவள்

நமசிவாயம் சிங்கப்பூரில் ஒரு சீன விருந்து மண்டபத்தில் பன்னிரண்டு வருடம் சமைத்தவர். உரும்பிராய்க்குத் திரும்பியபின் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்கு மணமும் சுவையும் தெரியாமல் போய்விட்டன. இது மனைவி சுவர்ணாவுக்கு மட்டுமே தெரியும். யாழ்ப்பாணத்தில் கலியாண மண்டபம் திறக்கவிருந்த அருளம்பலம், ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அவருக்கு மண்டபத்தின் சமையல் குசினியைக் கொடுப்பதா என்று சொல்வதாக இருந்தார். நமசிவாயம் தெரிந்தெடுத்தது, சீனர் பெரிய விருந்துகளில் வைக்கும், உதிரியாக வறுத்தெடுத்த நண்டு முட்டை வறை. உப்புப் பிழைத்தால் எல்லாம் வெளியே வந்துவிடும்.

சுவர்ணா பிறந்ததிலிருந்தே சைவம்.

"உப்பை நான் போடுறன்" என்றாள்.

"வாயிலை வைக்காமலோ?"

"வருசா வருசம் மாமாவின்ரை திவசத்துக்குப் பதினொரு கறி வைக்கிறன். படைக்கமுன்னம் ஆர் வாயிலை வைக்கிறது? ஒருக்காலாவது உப்புக் கூடினதோ?"

"அது பூசணிக்காய். இது நண்டு. கடல் உள்ளுக்கை இருக்கு."

அவள் தாச்சியை அடுப்பில் ஏற்றினாள். பிறகு, அவிந்த நண்டிலிருந்து வடிந்த நீரில் ஒரு கரண்டியைச் சூடான தாச்சியின் ஓரத்தில் ஊற்றினாள். பக்கத்தில், கறிக்குப் போடும் அளவில் உப்புக் கரைத்த நீர் ஒரு கரண்டி. இரண்டும் வற்றி, இரும்பில் இரண்டு வெள்ளை வளையங்கள் தெரிந்தன. நண்டின் வளையம் மற்றதில் பாதித் தடிப்பே இருந்தது.

"பாதியைக் கடல் போட்டிட்டுது. மிச்சப் பாதியை நான் போட்டால் காணும்."

தாச்சியைக் கழுவி, சுவர்ணா அளந்து போட்ட பாதி உப்போடு நுரை எழாமல் கலக்கிய ஏழு முட்டையை நமசிவாயம் சிறு நெருப்பில் ஊற்றினார். மர அகப்பை ஓயவில்லை. முதலில் மஞ்சள் முகில். பிறகு ஈரத் துகள். பிறகு ஒன்றோடொன்று ஒட்டாத மணிகள். சீனர் இதற்கு ஒரு சின்னப் பூவின் பெயரை வைத்திருந்தார்கள். அந்தப் பூவைக் காணாத சுவர்ணாவுக்கு, கூட்டிய முற்றத்தில் வேப்பம்பூ உதிர்வதுபோல் இருந்தது. நண்டுத்தசையும் கண்ணாடி நூடில்ஸும் முளைப்பயறும் விழுந்தன. ஆவிக்குள் அவர் மீண்டும் சிங்கப்பூர் மண்டபத்தில் நின்றார். சிவப்பு விளக்குகளின் கீழ் வட்ட மேசைகள் மிதந்தன. சுமப்பவர் தெரியாமல் தட்டுகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. அகப்பையின் சத்தம் காய்ந்த சருகின் சத்தமாக மாறியதும் கை தானாக நெருப்பை அணைத்தது.

மதியம் வந்த அருளம்பலம் முதல் கரண்டிக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, உன்ரை நாக்குக்குத்தான் சம்பளம் தரவேணும்."

நமசிவாயத்தால் அந்தப் புகழ்ச்சியை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"என்ரை நாக்குச் செத்து ரெண்டு வருசம், அண்ணை. ஒண்டும் தெரியாது."

அருளம்பலத்தின் கரண்டி பாதியில் நின்றது. "அப்ப உப்பு ஆர் பாத்தது?"

"நான்தான் பாத்தனான்" என்றாள் சுவர்ணா. "கண்ணாலை."

வளையங்களின் கதையைக் கேட்டு அருளம்பலம் நெடுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டார்.

"அப்பிடியெண்டால் ரெண்டு பேரும் வரவேணும். தம்பியைத் தனிய எடுக்கமாட்டன்."

"மீன், இறைச்சி வைக்கிற மச்சக் குசினிக்கோ?" அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வாறன். மச்சத்திலை கை வைக்கமாட்டன். வெள்ளிக்கிழமையிலை வரவும் மாட்டன்."

"பிள்ளை, வெள்ளிக்கிழமை விரதத்திலை இஞ்சை ஆர் நண்டு தின்னுறது?" என்று சொல்லிவிட்டு அருளம்பலம் தட்டை நீட்டினார். நமசிவாயம் எழுந்து பரிமாறினார்.