மான் கலைக்கப் போன சனிக்கிழமைகள்

சனிக்கிழமைகளில் மத்தியானத்துக்கு முன்னம் தபால்காரர் வருவார். கதவில் இருந்த துவாரத்தின் தகரமூடி தூக்கி விழும் சத்தம் குசினிவரை கேட்கும். கிழமை நாட்களில் நான் வேலையில் நிற்பதால் அந்தச் சத்தத்தில் இருந்து தப்பிவிடுவேன். சனிக்கிழமை தப்ப வழியில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் கடைக்காரரின் விளம்பரத் தாள் கிடக்கும். பன்றித் தொடை மலிவு என்று படம் போட்டிருப்பார்கள். கிழமை முழுக்க நானே நின்று வெட்டிய பன்றி.

எண்பதுகளின் கடைசிப் பகுதி அது. நான் டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். மனைவி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். கலியாணம் கட்டி நாங்கள் ஒன்றாக இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. எனக்கு இங்கே அகதி விசா கிடைத்ததும் அவளைக் கூப்பிட விண்ணப்பம் போட்டேன். சட்டத்தில் இடமிருக்கிறது, சில மாதங்களில் வந்துவிடுவாள் என்றார்கள். ஒரு குளிர்காலம் போனது. அடுத்ததும் வந்தது. விசாரிக்கப் போகும்போதெல்லாம் பரிசீலனையில் இருக்கிறது என்ற ஒரே பதில். பரிசீலனை என்ற சொல்லை எங்கே கண்டாலும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

என்னோடு அந்த ஃபிளாட்டில் இன்னோர் அண்ணை இருந்தார். அவருடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதே பரிசீலனையில்தான் கிடந்தார்கள். அவர் கோயில் இல்லாத ஊரில் விரதம் பிடித்துப் பொறுத்துக்கொண்டார். எனக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. அதனால்தான் மான் கலைக்கப் போனேன்.

கூட்டிப்போனவர் தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று கத்தி பிடித்த டெனிஷ்காரர். பெரிய நரைத்த மீசை. நானும் அண்ணையும் எங்களுக்குள் அவரை மீசைக்காரர் என்றுதான் சொல்வோம். வேட்டைப் பைத்தியம். இலையுதிர்காலத்துச் சனிக்கிழமைகளில் வேட்டைக்காரருக்குக் கலைக்க ஆட்கள் வேண்டும், கூலி இல்லை, சூப்பும் இறைச்சியும் தருவார்கள் என்றார். தபால்மூடியின் சத்தம் கேட்காத இடமாக இருந்தால் போதும் என்று ஒத்துக்கொண்டேன்.

வேலை சுலபம். காட்டின் ஒரு பக்கத்தில் துவக்குக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் ஒளித்து நிற்பார்கள். மறுபக்கத்தில் இருந்து நாங்கள் வரிசையாக, தடியால் மரங்களில் தட்டிக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு நடக்கவேண்டும். எங்களுக்குப் பயந்து மான்கள் அவர்களை நோக்கி ஓடும். இதை எங்கள் ஊரில் ஆமிக்காரர் ஆட்களுக்குச் செய்வார்கள், சுற்றிவளைப்பு என்று பெயர். ஊரில் நான் ஓடுகிற பக்கத்தில் இருந்தேன், இங்கே கலைக்கிற பக்கம். முதல் நாள் முதல் வெடி கேட்டதும் சேற்றில் குப்புற விழுந்து படுத்துவிட்டேன். இரண்டு பக்கமும் நடந்த கிழவர்கள் எனக்குத்தான் வெடி பட்டுவிட்டதென்று விழுந்தடித்து ஓடிவந்தார்கள்.

நாளடைவில் பழகிவிட்டது. என் தொண்டை அவர்களுக்கு நன்றாகப் பிடித்துப்போனது. இந்த மனிதன் கத்தினால் காடே கிளம்பும் என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் கத்தியது தமிழில். "அங்காலை போகாதேங்கோ, துவக்கோடை நிக்கிறாங்கள், இங்காலை வாங்கோ" என்றுதான் கத்தினேன். மான்கள் கேட்கவில்லை. நேரே துவக்கடிக்குத்தான் போயின.

மீசைக்காரர் கண்ட நிண்ட மானையெல்லாம் சுடமாட்டார். ஒரேயொரு கலைமானுக்காகப் பல வருடங்களாகக் காத்திருந்தார். கொம்பு கிளைவிட்டுக் கிளைவிட்டுப் போகும் என்று கையை விரித்துக் காட்டுவார், எங்கள் வன்னிக் காட்டு மரையைவிடப் பெரியது என்று நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். ஒருமுறை அது அவருக்கு முன்னால் வந்து நின்றதாம். கொம்பு இன்னும் வளரட்டும் என்று துவக்கைத் தாழ்த்திவிட்டாராம். அப்படிக் காத்திருப்பதிலும் ஒரு சந்தோசம் இருக்கிறது என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "உங்கடை மானுக்கு விசா தேவையில்லை. அது நினைச்ச நேரம் வரும்" என்றேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் கத்தியைத் தீட்டிக்கொண்டே "எழுதினவையோ?" என்று கேட்பார். அவர் பேசியது டெனிஷ்தான், என் காதில் இப்படித்தான் விழுந்தது. விசாக்காரர் இன்னும் எழுதவில்லை என்பேன். "இஞ்சை சட்டமெண்டால் சட்டம். சுணங்கும், ஆனால் ஏமாத்தாது" என்பார். அவர் சொன்னதை நான் நம்பினேன். நம்பாமல் வேறு என்ன செய்ய.

ஒரு நாள் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. கொழும்பில் இருந்து மனைவியின் தம்பி.

"அக்கா இல்லை அத்தான்" என்றான்.

"எங்கை போட்டா?" என்று நான் கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். விசா விசாரணைக்குக் கொழும்புக்கு வெளிக்கிட்டிருக்கிறாள் என்று நினைத்து மனம் ஒருகணம் துள்ளியது.

கிணற்றடியில் நின்றவள்மேல் ஷெல் விழுந்திருக்கிறது. அது நடந்து பல நாட்களாகிவிட்டன. யாழ்ப்பாணத்தில் இருந்து செய்தி வெளியே வர வழியில்லாமல் இருந்திருக்கிறது. அவள் எரிந்து முடிந்த பிறகும் நான் அவளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன், இங்கே குளிர் தொடங்கிவிட்டது, கம்பளி உடுப்பு நான் வாங்கித் தருவேன், நீ சுமக்காதே என்று.

"ஊரடங்கு அத்தான். அயலிலை ரெண்டு மூண்டு பேர்தான். வளவுக்குள்ளையே எரிச்சுப்போட்டினம். ஐயர் வரேல்லை. வாய்க்கரிசிகூடப் போடேல்லை. வீட்டிலை அரிசி இருந்தது. போடத்தான் ஆமி விடேல்லை" என்று அவன் அழுதான்.

செத்ததை என்னால் அன்றைக்கு முழுதாக விளங்கிக்கொள்ள முடியவில்லை. அரிசிதான் மனதில் நின்றது. பரம எதிரி செத்தாலும் ஒரு பிடி அரிசி போடுவார்கள். என் மனைவி வெறும் வாயோடு போனாள். அரிசி மூட்டை மூட்டையாக விற்கிற நாட்டில் நான் இருந்தேன்.

தொழிற்சாலையில் ஒருவருக்கும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை விடிய நான் பூட்ஸைப் போடுவதைக் கண்டு அண்ணை கதவை மறித்தார்.

"தம்பி, செத்தவீட்டுத் துடக்கு. முப்பத்தொண்டாம் நாள் கழியட்டும். சீவனைக் கலைச்சுக்கொண்டு திரியாதை."

"தபால் வருமெல்லோ அண்ணை" என்றேன்.

அவருக்கு உடனே விளங்கிவிட்டது, விலகி நின்றார். அவ்வளவு காலமும் விசா வராமல் போய்விடுமோ என்று அந்தச் சத்தத்துக்குப் பயந்தேன். அன்றைக்கு விசா வந்துவிடுமோ என்று பயந்தேன்.

காட்டில் அன்று நான் கத்தவில்லை. தடியால் மட்டும் தட்டிக்கொண்டு நடந்தேன். அடர்ந்த பைன் மரங்களுக்குள் இருந்து கலைமான் வெளியே வந்தது. கொம்பைக் கண்டதும் இதுதான் அவருடையது என்று தெரிந்தது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்பி நடந்தது. சற்று நேரத்தில் ஒரேயொரு வெடி கேட்டது.

வேட்டை முடிந்ததும் சுட்டதையெல்லாம் கொண்டுவந்து வெட்டவெளியில் வரிசையாகக் கிடத்துவது அவர்கள் வழக்கம். கீழே பைன் கொப்புகள் பரப்பியிருப்பார்கள். செத்த மிருகத்தை ஒருவரும் கடந்து காலெடுத்து வைக்கக்கூடாது. எல்லோரும் தொப்பியைக் கழற்றி நிற்க, ஒருவர் கொம்புவாத்தியம் ஊதுவார். இவ்வளவும் நான் முன்பே பார்த்தவை. அதுவரை பெண்மான்களும் நரிகளும்தான் விழுந்தன. பெரிய கலைமான் விழுந்தால் இன்னொரு சடங்கு இருப்பது எனக்குத் தெரியாது.

மீசைக்காரர் ஒரு சின்னப் பைன் கொப்பை ஒடித்தார். மானின் தலைமாட்டில் முழங்காலில் இருந்து, வாயைத் திறந்து, அந்தக் கொப்பைப் பல்லுக்கிடையில் வைத்தார். கடைசி வாய்ச் சாப்பாடு என்று பக்கத்தில் நின்ற கிழவர் என் காதுக்குள் சொன்னார். மீசைக்காரர் எழுந்து தலையைக் குனிந்துகொண்டு தள்ளி நின்றார்.

அடுத்த ஆள் போகட்டும் என்று பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. எங்கள் செத்தவீட்டில் ஒருவர் போட்டு விலக மற்றவர் போவார், உரித்துக்காரர் எல்லோரும் போடுவார்கள், செத்தவரைக் காக்கவைக்கமாட்டார்கள். இவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று எனக்கு அந்தரமாக இருந்தது. நான் போனேன். ஒரு கொப்பை ஒடித்து, குந்தியிருந்து, மானின் வாய்க்குள் வைத்தேன். வாய் இன்னும் சூடாக இருந்தது. அவளை நான் தனிமையில் கூப்பிடும் பெயரைச் சொன்னேன். பிறகு இன்னும் கொஞ்சம் பச்சை கிள்ளி வைத்தேன்.

கொம்பு ஊதியவர் வாத்தியத்தைக் கீழே இறக்கினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். வேட்டைக்குத் தலைவராக நின்றவர் வந்து என் தோளைத் தொட்டு, அதைச் சுட்டவர் மட்டும்தான் செய்யலாம் என்று மரியாதையாகவே சொன்னார். அப்போதுதான் எனக்கு முன்னால் கிடப்பது மான் என்று பார்த்தேன். என் மனைவிக்குப் போடவேண்டியதை ஒரு மிருகத்தின் வாயில், அதைக் கலைத்தவர்களுக்கும் சுட்டவருக்கும் நடுவில் வைத்துப் போட்டிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. போடவேண்டியதைப் போட்டுவிட்ட கை மட்டும் ஆறியிருந்தது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

மீசைக்காரர் சூப்புக்கு நிற்கவில்லை. கொம்புக்காக மற்றவர்கள் கைகுலுக்கிப் பாராட்ட வந்தபோதும் நிற்கவில்லை. என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டார். ஹோர்சன்ஸ் வீதியில் ஏறியதும் என்ன நடந்தது என்று கேட்டார். மனைவி செத்துப்போனாள் என்று சொன்னேன். அந்த டெனிஷ் வசனத்தை நான் வாழ்க்கையில் முதல்முறை சொன்னேன். காரை வயல் ஓரத்தில் நிறுத்தினார்.

"எப்ப?"

சொன்னேன்.

"திங்கட்கிழமையும் உன்னட்டைக் கேட்டனே. எழுதினவையோ எண்டு கேட்டனே. ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் கேக்கிறதை விட்டிடுவியள்" என்றேன்.

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். நான் வெளியே உழுது கிடந்த வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கும்வரைக்கும் அவள் எங்கேயோ வருவதற்கு இருந்தாள். அதை நிப்பாட்ட எனக்கு மனம் வரவில்லை.

பிறகு விண்ணப்பங்களுக்குப் பொறுப்பாக இருந்த நீதி மந்திரி பதவியை விட்டுப் போனார், அடைபட்டுக் கிடந்த விண்ணப்பங்கள் நகர்ந்தன. அண்ணையின் மனைவி பிள்ளைகள் வந்தார்கள். விமான நிலையத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொடுத்தது நான். சின்னவன் தகப்பனைத் தெரியாமல் என் காலைக் கட்டிக்கொண்டான். அண்ணை குடும்பத்தோடு வேறு வீட்டுக்குப் போக, நான் அந்த ஃபிளாட்டில் தனித்தேன். என் மனைவிக்கும் அனுமதி வந்தது. ஒரு கிழமைநாளில் வந்து கிடந்தது.

அதற்கும் பிறகுதான் அந்த மந்திரியின் மேல் விசாரணை தொடங்கி, உள்ளே நடந்தது வெளியில் வந்தது. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் சுணங்கவில்லை, தொடாமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள், சட்டம் கொடுத்த உரிமையை மேலிருந்தே மறித்திருக்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் சொன்னார்கள். அதுவரைக்கும் நான் ஷெல் அடித்தவனை மட்டும்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ஆற அமர யோசித்து, வசதியான கதிரையில் இருந்துகொண்டு அவளை அந்தக் கிணற்றடியில் நிறுத்திவைத்தவர்களும் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

அந்த நாட்களில் ஒரு பின்னேரம் மீசைக்காரர் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் அவர் வாசலோடு ஹோர்ன் அடித்துக் கூப்பிடுவாரே தவிர உள்ளே வந்ததில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் அந்த மந்திரியின்ரை கட்சிக்குத்தான் வோட்டுப் போட்டனான். ரெண்டு தரமும்" என்றார்.

வெளியே போங்கோ என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தால் அடி வாங்க வந்தவரின் முகம். உள்ளே வந்து இருங்கோ என்றேன். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தபோது அவர் கதிரையில் இருக்கவில்லை. சுவரில் மாலை போட்டிருந்த படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இத்தனை திங்கட்கிழமை விசாரித்தவர் அன்றைக்குத்தான் அவளைப் பார்த்தார்.

"இப்ப இந்த வீட்டிலை இருந்திருப்பா, என்ன?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.