ஜூன் மாத வகுப்பு

கொடைக்கானலில் ஏழுரோடு சந்திப்புக்குக் கீழே, சரிவில், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்றில் எங்கள் மன்றம் நடந்தது. சீசனுக்கு வருகிறவர்களுக்கான கிளப் இல்லை அது. ஊர்க்காரர்களுக்கானது. கடைக்காரர்கள், வாத்தியார்கள், தபாலாபீஸ்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள் வருவார்கள். கேரம் போர்டு நான்கு, டேபிள் டென்னிஸ் மேஜை ஒன்று, பூப்பந்து ஆட ஒரு ஹால், பெண்களுக்குத் தனியாக ஓர் அறை, ஒரு படிப்பறை. படிப்பறை என் பொறுப்பு. 1972 முதல் பன்னிரண்டு வருஷம் அங்கே கிளார்க்காக இருந்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று மன்றத்தின் கடிதம், நோட்டீசு, தீர்மானம் எல்லாவற்றையும் என்னிடமே எழுதச் சொல்வார்கள். இசபெல்லா அக்கா கையெழுத்துப் போட்ட தாளையும் நான்தான் எழுதினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இசபெல்லா அக்கா பெண்கள் அறையைப் பார்த்துக்கொண்டவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவருடைய கணவர் பவுல்ராஜ் பெருமாள்மலையில் லாரிகளுக்குக் காய்கறி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். ஒரு நாள் மூட்டையோடு விழுந்து முதுகில் அடிபட்டபின் படுக்கையை விட்டு எழவில்லை. பெண் பிள்ளைகள் இரண்டு. மன்றத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீடு அக்காவின் வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும்.

அதிகம் பேசமாட்டார். ஆனால் கேரம் நன்றாக ஆடுவார். எல்லோரும் போனபிறகு கதவைப் பூட்டும் முன் தனியாக நின்று ஒரு ஆட்டம் அடித்துப் பார்ப்பார். சிவப்புக் காய் விழுந்தால் உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு வரும்.

பெண்கள் அறைக்கு ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். 1975 ஐப்பசியில் மழை கடுமையாக இருந்தது. அந்த ஜன்னல் வழியாகக் காற்று அடித்து காது வலிக்கிறது என்று கமிட்டிக்காரர் ஒருவரின் மனைவி சொன்னார். செயலாளர் பரமானந்தம் மறுநாளே தச்சரை வரவழைத்து ஜன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றது இசபெல்லா அக்காதான்.

“ஐயா, உள்ள கணப்புச் சட்டி வைக்கிறோம். இதையும் அடைச்சா மூச்சு முட்டும்ங்க” என்றார்.

“கதவு இருக்குல்ல” என்றார் பரமானந்தம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பரமானந்தத்தைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் முன் பெஞ்சில் உட்காருகிறவர். அவர் சொன்னதை இரண்டாவது தடவை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். மூடுபனி வராந்தா வரை வந்து நின்றது. பெண்கள் அறையில் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருத்தி பஜாரில் துணிக்கடை வைத்திருந்த இப்ராம்சா பாயின் மகள் ஆசியா. பத்தொன்பது வயது. மேஜை விரிப்புக்குப் பூ வேலை செய்ய வந்திருந்தாள். இன்னொருத்தி தபால்காரரின் மகள், சின்னப் பெண். கணப்புச் சட்டியில் கரி போட்டு மூட்டி, கங்கு சிவந்ததும் அக்கா உள்ளே கொண்டுபோய் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கமிட்டி கூடிவிட்டது. பரமானந்தம் ஆள் விட்டார், டீ கொடுக்க வரச்சொல்லி.

“உள்ள பிள்ளைக இருக்குங்களே, ஐயா” என்று அக்கா வந்து நின்றார்.

“பிள்ளைகளா அதுக? பச்சப்பிள்ளை மாதிரி காவலுக்கு நிக்கணுமா? வெரசா டீயப் போடு.”

கமிட்டி முடிய முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டு அக்கா திரும்பிப் போனபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. திறந்தார். இரண்டு பேரும் மேஜைமேல் தலைவைத்துப் படுத்திருந்தார்கள். தூங்குகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆசியாவின் தோளைத் தொட்டு உலுக்கியபோது, அவள் கையிலிருந்த ஊசி தரையில் விழுந்தது.

அக்கா கத்தவில்லை. படிப்பறை வாசலில் வந்து நின்று, “பொன்னுவேலு, ஓடியா” என்று மட்டும் சொன்னார். நானும் டேபிள் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தவர்களும் இரண்டு பேரையும் வராந்தாவுக்குத் தூக்கி வந்தோம். தபால்காரர் மகள் வாந்தி எடுத்துக் கண் திறந்தாள். ஆசியா திறக்கவில்லை. கரி எரியும்போது வருகிற விஷக்காற்று, கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது, அடைத்த அறையில் அப்படியே ஆளை மயக்கிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள் பரமானந்தம் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘பணியிலிருந்த நான், எரியும் கணப்புச் சட்டியை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, கவனக்குறைவாக வெளியே சென்றுவிட்டேன்.’ ஜன்னலைப் பற்றி ஒரு வரி இல்லை. டீயைப் பற்றியும் இல்லை. எழுதும்போது பேனாவை நிறுத்தி அவரைப் பார்த்தேன். “ம், எழுதுங்க” என்றார். எழுதினேன்.

இசபெல்லா அக்காவைக் கூப்பிட்டார்கள். “இதுல கையெழுத்துப் போட்டா வேலை இருக்கும், வீடு இருக்கும். போடலன்னா போலீசுதான் விசாரிக்கணும். யோசிச்சுக்கோ” என்றார் பரமானந்தம்.

அக்கா தாளை எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். பவுல்ராஜுக்கு அந்த வாரம் காய்ச்சல் வேறு.

பலகையை அதற்கு முந்தின நாளே கழற்றியிருந்தார்கள். ஆணித் துளைகளில் மக்குப் பசை வைத்து அடைத்து, மேலே பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

அடுத்த வருஷம் ஜூன் மாதம், சீசன் ஓய்ந்ததும், ஊழியர்களுக்கு ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். ‘பணி ஒழுக்கமும் பாதுகாப்பும்’ என்று நோட்டீசில் எழுதினேன். மதுரையில் ஒரு மில்லில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற குருநாதன் வந்தார். மப்ளரைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, குளிரில் கை தேய்த்தபடி, பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். காலையில் ஒழுக்கம்: உறுப்பினர்களிடம் எப்படிப் பேசுவது, சண்டை வந்தால் எப்படி விலக்குவது, மேலே உள்ளவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது. பிற்பகலில் பாதுகாப்பு: மணல் வாளி, வழுக்கும் தரை, மயங்கினவரை எப்படிப் படுக்கவைப்பது. எல்லாம் உபயோகமான விஷயங்கள்தான்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓர் உதாரணம் சொல்வார். “ஒரு மன்றத்தில் ஒரு ஊழியர்…” என்று ஆரம்பிப்பார். பேர் சொல்ல மாட்டார். பரமானந்தம் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், அந்தத் தாளில் நான் எழுதிய வாசகங்கள் அப்படியே அவர் வாயிலிருந்து வரும். நாங்கள் பதினோரு பேரும் எங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முதல் வருஷம் பரமானந்தம் நடுவில் எழுந்து, “இசபெல்லா, அந்தச் சட்டிய எடுத்து வந்து முன்னால வை, எல்லாரும் பாக்கட்டும்” என்றார். அக்கா போய் எடுத்து வந்தார். மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு வருஷமும் யாரும் சொல்லாமலே எடுத்து வந்து வைத்துவிடுவார்.

கேரம் ஆடுவதை அவர் விட்டுவிட்டார். பஜார் வழியாக நடப்பதையும் விட்டுவிட்டார். உப்பு, புளி வாங்கக்கூட மூஞ்சிக்கல் கடைகள் வரை சுற்றிப்போவார். ஒரு தடவை கேட்டேன்.

“பாய் கடையத் தாண்டிப் போகணும்ல” என்றார்.

இப்படி ஏழு வகுப்பு நடந்தது. எட்டாவது, 1983 ஜூனில். அந்த வருஷம் சகாயராணி என்று ஒரு புதுப் பெண் வேலைக்கு வந்திருந்தாள். அய்யம்பாளையத்துக்காரி. பழைய கதை எதுவும் தெரியாது. குருநாதன் உதாரணத்தைச் சொல்லி முடித்து, “ஏதாவது சந்தேகம் உண்டா?” என்று வழக்கம்போல் கேட்டார். எந்த வருஷமும் யாரும் வாய் திறந்ததில்லை. சகாயராணி எழுந்து நின்றாள்.

“சார், அந்த ரூம்புக்கு ஜன்னல் இல்லையா?”

“இல்லம்மா. ஜன்னல் இல்லாத அறை.”

“இருந்துச்சுங்க” என்றார் இசபெல்லா அக்கா.

உட்கார்ந்தபடியேதான் சொன்னார். குரல்கூட உயரவில்லை. குருநாதன் அவரைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும், எட்டு வருஷமாகத் தான் யார் முன்னால் இதைச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று.

“ஜன்னல் இருந்துச்சுங்க. செகரட்டரி ஐயா பலகை வச்சு அடைக்கச் சொன்னாங்க. மூச்சு முட்டும்னு நான் சொன்னேன். அன்னைக்கி ரூம்ப விட்டுப் போனதும் அவங்க கூப்பிட்டுத்தான். இந்த ரூம்புதான் சார், பக்கத்துல. வேணும்னா பாருங்க.”

பரமானந்தத்தின் முகம் கறுத்தது. “இசபெல்லா, உக்காரு” என்றார். அக்கா உட்கார்ந்துதான் இருந்தார்.

குருநாதன் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். ஜன்னல் சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். பெயிண்டுக்குள்ளே மக்கு இறுகிப் பள்ளமாகியிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் விரல் நின்று நின்று போயிற்று. எல்லாவற்றையும் தடவி முடித்துவிட்டு, மப்ளரைச் சரிசெய்துகொண்டு, “சாப்பாட்டு நேரம் ஆயிருச்சு” என்றார். பிற்பகல் வகுப்பில் அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. என்னைப் பார்த்து அக்காவும் எதுவும் கேட்கவில்லை. பலகை அடித்த அன்று வராந்தாவில் நின்று நானும் அதைக் கேட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறுநாள் காலை அக்கா படிப்பறைக்கு வந்தார். “பாய் வீட்டுக்குப் போகணும். கூட வா, தம்பி” என்றார். போனேன்.

இப்ராம்சா பாய் கடையில்தான் இருந்தார். எங்களைக் கண்டதும் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே கூட்டிப்போய் உட்காரச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. பலகை, டீ, தாள் என எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னார். தாளை எழுதியது நான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை நானே சொன்னேன்.

பாய் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

“எட்டு வருசம் கழிச்சு இத எதுக்கும்மா எங்கிட்ட வந்து சொல்ற?”

“உங்களுக்குத் தெரியணும்ல, பாய்.”

“ஏழை எளியவ, தெரியாமச் செஞ்சுட்டான்னு நெனச்சு மனசத் தேத்திக்கிட்டேன். உன்னய மன்னிச்சு ரொம்ப நாளாச்சு. அந்த மனுசன் கிறிஸ்துமசுக்கு வருசா வருசம் எங்கடையிலதான் துணி எடுக்குறாரு. நான் அவருக்கு அளந்து கிழிச்சுக் குடுக்குறேன். இனிமே என்ன செய்யச் சொல்ற?”

அக்கா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டேல்ல?”

“போட்டேன், பாய்.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லியிருக்கலாம்.”

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் பாயின் மனைவி ரஹ்மத்துன்னிசா நின்றிருந்தார். முகம் தெரியவில்லை. “யம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்” என்று அவர் குரல் மட்டும் வந்தது. “நீ வெளிய போகும்போது எம்பிள்ள ஏதாச்சும் சொன்னாளா?”

அக்கா திரைச்சீலையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இல்லம்மா. குனிஞ்சு தச்சுக்கிட்டு இருந்துச்சு. நாந்தான் கதவச் சாத்திட்டுப் போனேன்” என்றார்.

வெளியே வந்து ஏற்றத்தில் நடக்கும்போது மூச்சு வாங்க நின்றார். அப்போதுதான் எனக்கு அதைச் சொன்னார். ‘குளிருது, கதவச் சாத்திட்டுப் போங்கக்கா’ என்று ஆசியாதான் கேட்டாளாம்.

“அத எப்பிடி அந்தம்மாட்டச் சொல்றது” என்றார். அதன்பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

பாய் யாரிடமும் போய் எதுவும் கேட்கவில்லை. அந்த வருஷக் கிறிஸ்துமசுக்குப் பரமானந்தம் துணி எடுக்கப் போனபோது பாய் கடைப்பையனை அளக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

1984 பிப்ரவரியில் கமிட்டி கூடி, எல்லோர் முன்னிலையிலும் செயலாளரை எதிர்த்துப் பேசியது ஒழுக்கக்கேடு என்று தீர்மானம் போட்டது. அக்காவை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தை எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எழுத மாட்டேன் என்றேன். பரமானந்தம் பஜாரில் டைப் அடித்து வாங்கிக்கொண்டார். மார்ச் மாதம் வீட்டைக் காலி செய்தார்கள். பவுல்ராஜைக் கட்டிலோடு தூக்கி ஒரு காய்கறி லாரியில் ஏற்றினோம். ஜூன் வகுப்புக்குக் குருநாதன் வந்தார். இந்த முறை உதாரணம் வேறு, எங்கோ ஒரு சினிமாக் கொட்டகையில் நடந்தது. பெண்கள் அறைப் பேச்சே இல்லை. அந்த வருஷ முடிவில் நானும் மன்றத்தை விட்டு வந்துவிட்டேன்.

அக்கா பெருமாள்மலையில் ஒரு பேரிக்காய் ஷெட்டில் பழம் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தார். பவுல்ராஜ் அடுத்த வருஷம் இறந்தார். அடக்கத்துக்குப் போயிருந்தேன், ஷெட்டு ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள், மன்றத்திலிருந்து சகாயராணி மட்டும்.

கடைசியாக அக்காவைப் பார்த்தது 1987இல், பெருமாள்மலை பஸ் நிறுத்தத்தில். ஒரு தகரப்பெட்டியும் துணிமூட்டையுமாக நின்றிருந்தார். மூத்த மகளுக்கு வத்தலக்குண்டில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்திருந்தது. அவளோடு இருக்கப் போகிறேன் என்றார்.

“ஒரு தடவ மேல வந்து எல்லாரையும் பாத்துட்டுப் போகலாம்லக்கா.”

“அங்க எனக்கென்ன சோலி கெடக்கு.”

மழை தூற ஆரம்பித்தது. கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றோம். கீழே வெக்கை தாங்க முடியாது என்கிறார்களே என்றேன்.

“வேர்க்கும். இருந்துக்கிடலாம்” என்றார்.

பஸ் வந்தது. கூட்டம். பெட்டியை நான் தூக்கிக் கொடுத்தேன். உட்கார இடம் கிடைத்ததா என்று தெரியவில்லை. கண்ணாடி முழுக்க நீராவி படிந்திருந்தது.