கொரட்டிக்கு வந்த ஊசி

மோதிர விரலின் நடுக்கணுவுக்கு வந்ததும் மரியகொரட்டி நின்றுவிடுகிறார். கட்டைவிரல் அங்கேயே ஊன்றியிருக்கிறது, உதடு மட்டும் அசைகிறது. "புயலடிச்ச வருசம் எனக்கு... அதுக்கு மறுவருசந்தான் பேர் பதிஞ்சாங்க. அப்ப பன்னெண்டு. இல்ல, பதினெட்டு." கையை உதறிவிட்டு மறுபடி சுண்டுவிரலிலிருந்து தொடங்குகிறார். தண்ணீர்ப் பீலியில் குடம் நிறைந்து வழிகிறது. பின்னால் நிற்கும் பெண்கள் சத்தம் போட்ட பிறகுதான் குடம் நகர்கிறது.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேற்பிரிவில் கடைசி லயத்து வரிசை வீட்டில், ஒற்றைக் காம்பராவில் இருக்கிறார். நான் அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஆசிரியன். கொரோனா புண்ணியத்தில் ஒன்றரை வருடமாகப் பிள்ளைகள் இல்லாத ஆசிரியன். வேறு வேலையில்லாததால், என் குவாட்டர்ஸ் வாசலில் நின்று பீலியடியை வேடிக்கை பார்ப்பதையே உத்தியோகமாக வைத்திருக்கிறேன்.

கொரட்டி ஆள் குள்ளம். நடக்கும்போது யாரோ கூப்பிட்டதற்கு ஓடுவது போல இருக்கும். மலையில் அவருக்குப் பக்கத்துத் தேயிலை நிரையை எடுக்க முப்பது வயதுக்காரிகளே தயங்குவார்கள். முதல் கொழுந்தைக் கிள்ளுவதற்கு முன் சிலுவை போட்டுக்கொள்வார். அடுத்த நிமிடமே மற்றவர்களோடு சேர்ந்து விளைச்சல் பெருக "பொலி, பொலி" என்று கத்துவார். கேட்டால், "மாதாவும் கேக்கட்டும், முனியாண்டியும் கேக்கட்டும். ரெண்டு பேருக்கும் காது இருக்குல்ல" என்பார். சாயத்தண்ணித் தேநீரில் சீனிக்குப் பதிலாக ஒரு சிட்டிகை உப்பு. இனிப்புக் குடித்தால் தூக்கம் வருகிறதாம். கணவர் இறந்து ஒன்பது வருடம். மகள் கொழும்பில் ஒரு தையல் தொழிற்சாலையில் இருக்கிறாள். தனிக்கட்டைதான், ஆனால் வாய் ஓயாது.

அந்த வாய்தான் ஒரு மாதமாக ஓய்ந்திருக்கிறது. இன்னொரு மாற்றமும் உண்டு. நல்ல வெயிலிலும் கம்பளியைப் போர்த்தியிருக்கிறார். பக்கத்துக் காம்பராவின் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் கம்பளியை இடது முழங்கை வரை இழுத்துவிட்டுக்கொள்கிறார். அந்தக் கையில்தான் கொரோனா ஊசி போட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் இருப்பவர் அண்ணன் யேசுரத்தினம்.

அண்ணன் முப்பது வருடம் தேயிலை ஆலையான ஸ்டோரில் தூசியைக் குடித்தவர். இப்போது அந்தத் தூசி இளைப்பாகத் திரும்பி வருகிறது. லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. அவர் இந்தப் பக்கம் மூச்சு வாங்கினால் அந்தப் பக்கம் தங்கைக்குச் சோறு இறங்காது. ஜூலையில் ஊசி வருகிறது என்று தெரிந்ததும் முதலில் துள்ளியவர் கொரட்டிதான். "அண்ணனுக்குப் போட்டுட்டா எனக்குப் போதும் சேர். நான் பொறவு பாத்துக்கிறேன்" என்று என்னிடமே சொன்னார்.

வந்த ஊசி கொஞ்சம். அறுபது வயதானவர்களுக்கு முதலில் என்றார்கள். கிராம சேவகர் அடையாள அட்டைகளை ஒரு கட்டாகக் கட்டி என்னிடம் தந்து பட்டியல் எழுதச் சொன்னார். பழைய அட்டையில் இலக்கத்தின் முதல் இரண்டு எண்தான் பிறந்த வருடம். சுலபமான வேலை. யேசுரத்தினத்தின் அட்டை 64 என்று தொடங்கியது, ஓரமாக வைத்தேன். கொரட்டியின் அட்டை 61. பட்டியலில் எழுதினேன். அண்ணன் தங்கை என்று தெரிந்த மனிதன், தங்கை எப்படி அண்ணனுக்கு மூன்று வயது மூத்தவளாவாள் என்று ஒரு கணம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. எழுதி முடித்து, கையெழுத்து அழகாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டேன்.

ஊசி போடும் நாளில் அண்ணனைக் கைத்தாங்கலாகப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கூட்டி வந்தது கொரட்டி. மேசையில் அட்டையைப் பார்த்தார்கள். "ஐயாவுக்கு இன்னும் காலம் இருக்கு. அடுத்த தடவை வாங்க" என்றார்கள். "நீங்கதானே மரியகொரட்டி? உக்காருங்க" என்றார்கள்.

"என்னா ஏதுன்னு கேக்குறதுக்குள்ள குத்திட்டாங்க சேர். அண்ணன் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு" என்கிறார் கொரட்டி. இந்த வாக்கியத்தை அவர் என்னிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும், அது எப்படி நடந்தது என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டும் என்பது போல என் முகத்தைப் பார்ப்பார்.

நடந்தது இதுதான். மரியகொரட்டி என்பது இவர் பெயரே இல்லை. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் லூர்து. மரியகொரட்டி இவருக்கு முன்னால் பிறந்த அக்கா, ஐந்து வயதில் செத்துப்போனவள். செத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மட்டும் தகரப் பெட்டியில் தங்கிவிட்டது. லூர்துக்குப் பன்னிரண்டு வயதானபோது வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. பதினெட்டு வயது என்று காட்டினால் தோட்டத்து வேலைக்குப் பேர் பதியலாம். அப்பா பெட்டியைத் திறந்தார். லூர்து அன்று காலை மரியகொரட்டியாக, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் நின்றாள். அந்தக் காலத்தில் இதைத் தப்பு என்று யாரும் நினைக்கவில்லை. நாலு லயத்துக்கு ஒருவராவது இப்படி இருந்தார்கள்.

அண்ணன் கதை இதற்கு நேர்மாறு. அவருக்குச் சான்றிதழே கிடையாது. அடையாள அட்டைக்காக உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கப் போனபோது, ஒரு டாக்டர் பல்லைப் பார்த்தார், உடம்பைப் பார்த்தார், ஐந்து வருடத்தைக் கழித்துவிட்டார். ஐம்பத்தொன்பதில் பிறந்தவர் அறுபத்து நாலில் பிறந்தவரானார். இளமையாக இருப்பதாக டாக்டரே எழுதிக் கொடுத்துவிட்டார் என்று யேசுரத்தினம் வெகுநாள் பெருமையடித்தாராம். அந்தப் பெருமையைத்தான் இப்போது அனுபவிக்கிறார்.

ஊசி போட்ட மறுநாள் பீலியடியில் தங்கையைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, வாங்க. சொகமா இருக்கீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். நானும் வாசலில் நின்று சிரித்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றிலிருந்து அக்காதான், வாங்க போங்கதான். தோட்டம் முழுக்க அவரைக் கொரட்டி என்று கூப்பிடும்போது, லூர்து என்று கூப்பிட உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அண்ணன். ஏசியிருந்தால் கொரட்டி திருப்பி ஏசியிருப்பார், அதில் அவர் கெட்டிக்காரி. மரியாதைக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. குடத்தைப் பாதியில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணன் மனைவி சிவசக்திக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. சுவருக்கு மேலாலேயே ஆரம்பித்துவிட்டார். "மூச்சு விட முடியாத மனுசன் இந்தப் பக்கம். மூணாளு வேல செய்றவ ஊசியோட அந்தப் பக்கம். எல்லாம் வாத்தியார்கிட்ட பேசிப் பேசி லிஸ்ட்ல ஏறிக்கிட்டது." கொரட்டி அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு தடவை, "மதினி, மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாது" என்றாராம். "மாதாவுக்கும் ஊசி போட்டாச்சா?" என்று பதில் வந்ததாம்.

வாத்தியார் பெயரும் அடிபடுவதால் நான் யேசுரத்தினத்திடம் விளக்கப் போனேன். அரசாங்கம், வயது, அட்டை, ஒழுங்குமுறை என்று நீளமாகப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "ஊசி எனக்கு வரலன்னு வருத்தம் இருக்கு சேர், இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க லூர்துக்கும் போடல. செத்தவளுக்குப் போட்டுருக்கீங்க. கொரட்டிக்குத் தொண்ட அடைச்சப்ப நாந்தான் தூக்கிக்கிட்டு மருந்துக் காம்பராவுக்கு ஓடுனேன். எனக்கு ஏழு வயசு. ஊசி தீந்துபோச்சின்னு திருப்பி அனுப்பிச்சிட்டாங்க. அன்னைக்கி வராத ஊசி இன்னைக்கி அவ பேருக்கு வந்துருக்கு. நான் யாரக் கோவிச்சிக்கிறது, சொல்லுங்க?"

இளைப்பு வந்து நிறுத்திக்கொண்டார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இந்தப் பேச்சு கொரட்டியின் காதுக்கும் போயிருக்க வேண்டும், அந்தச் சுவர் அப்படிப்பட்டது. குழப்பம் அதற்குப் பிறகு இரண்டு மடங்காயிற்று. "நான் அண்ணனோட ஊசிய எடுத்துட்டேனா சேர், அக்காளோட ஊசிய எடுத்துட்டேனா? அண்ணனோடதுன்னா திருப்பிக் குடுத்துறலாம். அக்காளோடதுன்னா யார்ட்டக் குடுக்குறது?" நான் வாத்தியார் என்பதால் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறார். விரல்விட்டு எண்ணும் பழக்கம் அப்போதுதான் வந்தது.

ஓகஸ்ட்டில் முப்பது வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்று அறிவித்தார்கள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. யேசுரத்தினம் வர மாட்டேன் என்றுவிட்டார். "அம்பத்தேழு வயசுக்காரனா போயி நிக்கிறதுக்கு நான் ஒண்ணும் சின்னப்பய இல்ல. அறுவத்திரெண்டுன்னு எழுதச் சொல்லுங்க, வர்றேன்." கீழ்ப்பிரிவில் அந்த வாரம் இரண்டு பேரைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர்தான் திரும்பி வந்தார். திரும்பாதவருக்கும் இளைப்பு இருந்தது. கொரட்டி சுவரில் காதை வைத்துக்கொண்டு அண்ணனின் மூச்சை எண்ணத் தொடங்கினார்.

பிறகு ஒரு காரியம் செய்தார். மூன்று மைல் நடந்துபோய் முதல் ஊசி போட்ட மருத்துவ மாது ஜெயந்தினியைப் பார்த்து, "மிஸ், என்னோட ரெண்டாவது ஊசிய எங்க அண்ணனுக்குப் போட்டுருங்க. எம்பேருலயே போடுங்க, அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்றிருக்கிறார். ஜெயந்தினி முதலில் சிரித்து, பிறகு விளக்கி, பிறகு கோபப்பட்டிருக்கிறார். "ஒங்க ரெண்டாவது அவருக்கு மொதலாவது ஆகாதும்மா. அவருக்கு வேற இருக்கு, வரச் சொல்லுங்க." கொரட்டி அதை முழுவதும் நம்பவில்லை. ஆளுக்கு இத்தனை என்று அளந்துதான் வருகிறது, தான் எடுத்தது யாருடைய பங்கிலோ குறையும் என்பது அவர் கணக்கு. இந்தத் தோட்டத்தில் தண்ணீரும் விறகும் அப்படித்தான் வந்திருக்கின்றன, அவர் நம்பாததில் பிழையில்லை.

இரண்டாவது ஊசியும், விடுபட்டவர்களுக்கு முதல் ஊசியும் போடும் நாள் காலை, சுவரைப் பார்த்து அவர் உரக்கச் சொன்னதை லயமே கேட்டது. "அண்ணே, நீங்க போடாம நான் போட மாட்டேன். கூப்புட்டாலும் எந்திரிக்க மாட்டேன்."

மண்டபத்துக்கு வந்தார், கடைசி வாங்கில் கம்பளிக்குள் உட்கார்ந்தார். பத்து மணி வரை அசையவில்லை. பத்தரைக்கு வாசலில் யேசுரத்தினம் தெரிந்தார். ஏற்றம் ஏறிய மூச்சோடு தூணைப் பிடித்துக்கொண்டு, "ஏன் அக்கா, இத்தன பேரு காத்துக்கிட்டு இருக்காங்கள்ல? போயிப் போட்டுக்கங்க" என்றார். கொரட்டி எழுந்து போய் அவருடைய சட்டைக் கையைப் பிடித்தார். விடவேயில்லை. அப்படியே மேசைக்கு இழுத்து வந்தார். மேசையில் எழுதிக்கொண்டிருந்தது நான். பக்கத்தில், அட்டை பார்ப்பதற்குப் பதுளையிலிருந்து வந்திருந்த புஹாரி.

"வயது?" என்றேன். கேட்காமல் இருக்க முடியாது. யேசுரத்தினம் கூரையைப் பார்த்தார்.

"அறுவத்திரெண்டு" என்றார் கொரட்டி.

"கார்டுல அம்பத்தேழுதானே இருக்கு" என்றார் புஹாரி.

"கார்டு கெடக்குதுங்க ஐயா. எனக்கு எட்டு வயசு மூத்தவரு அவரு."

புஹாரி நல்ல மனிதர், கணக்கிலும் சுத்தம். கொரட்டியின் அட்டையை வாங்கிப் பார்த்தார். "ஒங்களுக்கு அறுவது. அப்ப இவருக்கு அறுவத்தெட்டா?"

மண்டபம் சிரித்தது. கொரட்டியின் முகம் சிவந்துவிட்டது. "இல்லங்க, இருங்க" என்று விரலை மடக்கத் தொடங்கினார். "புயலடிச்ச வருசம் எனக்கு..." சுண்டுவிரல் முடிந்தது, மோதிர விரல் வந்தது, நடுக்கணுவில் கட்டைவிரல் நின்றது. உதடு அசைந்தது. எல்லோரும் காத்திருந்தோம். எனக்குப் பேனாவை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பதினொண்ணு" என்றார் யேசுரத்தினம். கூரையிலிருந்து கண்ணை இறக்கியிருந்தார். "புயலுக்கு ஒனக்குப் பதினொண்ணு, லூர்து. எனக்குப் பத்தொம்பது. கூர பறந்தப்ப ஒன்னைய கொழுந்துக் கூடையில வச்சில்ல தூக்கிட்டுப் போனேன்."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். நான் வயது என்ற கட்டத்தில் 57 என்று எழுதி, பக்கத்தில் பென்சிலால் 62 என்றும் எழுதினேன். அவர் எட்டி அதைப் பார்த்துக்கொண்டார். ஊசி ஏறும்போது கண்ணை இறுக மூடினார். ஜெயந்தினி பஞ்சை வைத்ததும் அதைக் கொரட்டி வாங்கி அமுக்கிப் பிடித்தார். கம்பளி தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, எடுக்கவில்லை. "மெதுவா புடி, புள்ள" என்றார் அண்ணன்.

ஜெயந்தினி பட்டியலில் அடுத்த பெயரைப் பார்த்து, "மரியகொரட்டி!" என்று கூப்பிட்டார்.

அண்ணனின் கையில் பஞ்சை அமுக்கியபடியே கொரட்டி திரும்பி, தனக்குப் பின்னால், வாசல் வரைக்கும் பார்த்தார்.