தன்னை எடுக்க வேண்டாம் என்றவர்

பாசிர் கூடாங் ஆலைகளுக்கு ஷிப்டு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்கள் சில அக்காவுடையவை. அக்காவின் கணவர் இறந்தபோது அவற்றை விற்றுவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் விற்கவில்லை. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்று கோலாலம்பூரிலிருந்து ஜொகூருக்குத் திரும்பிய எனக்கு, உலு திராமில் உள்ள அவருடைய அலுவலகத்தில் ஒரு மேசை கிடைத்தது. கடிதங்கள் எழுதுவது என் வேலை.

பஸ்களில் பாதி ஒரே ஆலைக்கு ஓடுகின்றன. அந்த ஆலை நிர்வாகம் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டுப் பேசியது. பஸ்கள் அடிக்கடி தாமதமாக வருகின்றன. அடுத்த ஒப்பந்தம் வேண்டுமென்றால், எந்த பஸ் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் கைப்பேசியில் பார்க்கும்படி செய்யவேண்டும். தாமதமும் நிற்கவேண்டும். ஒப்பந்தம் போனால் பாதி ஓட்டுநர்களை வீட்டுக்கு அனுப்பவேண்டியதுதான்.

கோலாலம்பூரில் கணக்காளராக இருக்கும் அக்காவின் மகன் தொலைபேசியிலேயே தீர்வு சொன்னான்.

“ஒரு சிடிஓ எடுங்கம்மா, சீஃப் டெக்னாலஜி ஆபீசர். டெக்னாலஜி எல்லாத்தையும் அவரே பாத்துக்குவாரு. இனிமே அது இல்லாம பிசினஸ் இல்ல.”

“அலமாக்! இங்க டயர் மாத்தவே ஆள் கிடைக்கல. நீ பெரிய ஆபீசர் எடுக்கச் சொல்ற.”

அப்படிச் சொன்னாலும் என்னை விளம்பரம் எழுதச் சொன்னார். மற்ற நிறுவனங்களின் விளம்பரங்களைப் பார்த்து எழுதினேன். முடித்து வாசித்தபோது, வருகிறவர் காலையில் வந்து உட்கார்ந்து என்ன செய்வார் என்பது அதில் எங்குமே இல்லை. வேறு என்ன எழுதுவதென்று எங்கள் இருவருக்கும் தெரியாததால் அப்படியே போட்டோம்.

வந்தவர்களில் அக்காவுக்குப் பிடித்தது ஒருவரைத்தான். நாற்பதை நெருங்கும் வயது. சிங்கப்பூரில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் மென்பொருள் பிரிவுக்குப் பொறுப்பானவர். வீடு உலு திராமில். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பிச் சிங்கப்பூர்ப் பாலத்தைக் கடக்கிறவர், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் திரும்புவார். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, இந்தப் பக்கமே வேலை வேண்டும் என்று மறைக்காமல் சொன்னார்.

நேர்காணலுக்கு நான் கேள்விகள் தயாரித்து வைத்திருந்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

“நீங்க எந்தத் தோட்டம்?”

அவர் தன் அப்பா பிறந்த தோட்டத்தைச் சொன்னார். அது நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டம்.

“எந்த லயம்?” என்று குடியிருப்பு வரிசையைக் கேட்டார் அக்கா.

“கோயில் பக்கத்து லயம், மேடம். எங்க தாத்தா பால் நிறுக்கிற எடத்துல இருந்தாரு.”

“உயரமா இருப்பாரே? தீமிதிக்கு முதல்ல எறங்குவாரு?”

“அவருதான்.”

“அட, அப்ப உங்க அப்பா எனக்கு அண்ணன் முறை லா.”

தேநீர் வருவதற்குள் மேடம் அத்தையாகிவிட்டார். யார் யாரைக் கட்டினார்கள், யார் இப்போது பொந்தியானில் இருக்கிறார்கள் என்று பேச்சு ஓடியது. என் கேள்விகளில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை. அவர் எழுந்தபோது, “அடுத்த மாசமே வந்துருங்க தம்பி,” என்றார் அக்கா. எங்கள் ஆட்களிடையே வேலைகள் இப்படிக் கிடைப்பதுண்டு. சில கடைகள் மூடப்பட்டதற்கும் இதுதான் காரணம்.

நான் குறுக்கிட நினைத்தேன். அதற்குள் அவரே பேசினார்.

“எனக்கு லீவு இருக்கு அத்தை. ஒரு வாரம் உங்க பஸ்ஸுல ஏறிப் பாக்கறேன். அப்புறம் பேசலாம்.”

ஒரு காலை நானும் அவருடன் போனேன். தொழிலாளர் விடுதி ஒன்றின் முன்னால் பஸ் நின்றது. ஒருவரைத் தவிர எல்லோரும் ஏறிவிட்டார்கள். ஓட்டுநர் ஹார்ன் அடித்தார், பிறகு கைப்பேசியில் கூப்பிட்டார்.

“எங்கடா இருக்க? இன்னும் பல்லா வெளக்குற? வா வா.”

“விட்டுட்டுப் போங்கண்ணே,” என்றது பின்னிருக்கையிலிருந்து ஒரு குரல்.

“நாளைக்கு நீ தூங்குனா விட்டுட்டுப் போட்டுமா?”

கடைசியில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஒருவர் ஓடி வந்தார். “மாப்பிள்ளை வந்தாச்சு, மேளத்த அடிங்க,” என்று பஸ்ஸே சிரித்தது. அடுத்த நிறுத்தத்திலும் ஒருவருக்காக நின்றோம்.

எங்கள் பஸ் யாரையும் விட்டுவிட்டுப் போகாது. அது இறந்துபோன மாமா, அக்காவின் கணவர், வைத்த வழக்கம். அவர் முதலில் ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். ஷிப்டைத் தவறவிட்டால் அன்றைய கூலியோடு அந்த மாதத்து வருகை அலவன்சும் போகும் என்பதை அனுபவித்தவர்.

அந்த வார முடிவில் மென்பொருள்காரர் அலுவலகத்துக்கு வந்தார். உட்கார்ந்ததும் சொன்னார்.

“அத்தை, என்னை எடுக்காதீங்க.”

அக்கா என்னைப் பார்த்தார்.

“பஸ் எங்க இருக்குன்னு காட்டுற கருவி வாடகைக்கே கிடைக்குது. அவங்களே வந்து மாட்டிட்டுப் போவாங்க. அதப் பாத்துக்க ஆபீஸ்ல இருக்கற பொண்ணு போதும், நான் சொல்லித் தரேன். ஆனா மாட்டினா என்ன தெரியும்? பஸ் நிக்கிறது தெரியும். எவ்வளவு நேரம் நிக்கணும்னு முதலாளி நீங்கதான் சொல்லணும். அத நான் சொல்ல முடியாது.”

“அப்ப உங்களுக்கு வேலை?”

“மொத ரெண்டு மூணு மாசம் இருக்கும். அப்புறம் சும்மாதான் உக்காந்திருப்பேன்.”

“உக்காந்திருங்களேன். யாரு கேக்கப் போறா?” அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “வீட்டுப் பக்கத்துல வேலை குடுத்தா வேணாங்குறீங்க. நல்ல மருமகன் லா.”

“பஸ்ஸு இன்னொரு மடங்கு கூடட்டும் அத்தை. அப்பக் கூப்பிடுங்க, ஓடி வரேன்.”

நான் பத்திரிகை வேலைக்காகப் பலரைப் பேட்டி கண்டவன். தமக்கு ஆதாயமான பதில் நாக்கு நுனியில் இருக்கும்போது வேறொன்றைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கிளம்புவதை வாசலில் நின்று பார்த்தேன். நன்றி என்று சொன்னேன். அது போதவில்லை என்று அப்போதே தெரிந்தது.

அக்கா சில நாள் யோசித்தார். பிறகு ஓட்டுநர்களைக் கூப்பிட்டு, இரண்டு தடவை ஹார்ன், அதற்குமேல் நிற்கக் கூடாது என்றார். அவர்கள் முணுமுணுத்தார்கள். சும்மா கிடந்த பழைய வேனைப் பழுது பார்த்து, பஸ்களுக்குப் பின்னால் ஓடவிட்டார். தூங்கியவர்களை இப்போது அது அள்ளிக்கொண்டு போகிறது. கருவிகள் வந்தன. மென்பொருள்காரர் சனிக்கிழமைகளில் வந்து அலுவலகப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆலை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. ஓட்டுநர் ஒருவரையும் நாங்கள் அனுப்பவில்லை.

அவர் இன்னமும் பாலத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்.

சென்ற வாரம் அக்கா, பொந்தியானில் ஒரு பஸ் விலைக்கு வருவதாகச் சொன்னார். இருக்கிற பஸ்களைப் பார்த்துக்கொள்வதே பெரும் பாடு, இது எதற்கு என்று கேட்டேன்.

“பஸ்ஸு கூடினாத்தானடா அந்தத் தம்பிக்கு இங்க வேலை இருக்கும்,” என்றார், அந்த பஸ்ஸின் படத்தை அவருக்கு அனுப்பிக்கொண்டே.

சிறிது நேரத்தில் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது. அக்கா எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

“அத்தை, எஞ்சினப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. நல்ல மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போய்ப் பாருங்க.”

அக்கா மறுநாளே மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு பொந்தியானுக்குப் போனார்.