முதலில் சவேரியம்மாவின் கிணறு

சவேரியம்மா போய்விட்ட செய்தியைத் தேன்கனிக்கோட்டை பஸ் கண்டக்டர்தான் கொண்டுவந்தார். ஓசூரில் பனி இன்னும் விலகவில்லை. "சார், உங்க சங்கத்து அக்கா தவறிட்டாங்க" என்று படியில் நின்றபடியே சொன்னார். பஸ் பனிக்குள் போய்விட்டது. அடப்பாவி, இன்னும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா என்று கோபம் வந்தது. பிறகு அழுகை வந்தது.

எங்கள் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்தில் நான் காரியதரிசி. அவர் ஒரே பெண் அங்கத்தினர்; உருளைக்கிழங்குத் தோட்டமும் ஒரு கிணறும் கொண்ட விதவை. மாட்டைக் கன்னடத்தில் அதட்டுவார், மாதாவிடம் தமிழில் முறையிடுவார், என்னோடு இரண்டிலும் சண்டை போடுவார்.

எஞ்சின் வாங்கப் பேசிய கூட்டம் சங்கத்தாரான உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மாடு பூட்டிக் கவலைச் சாலில் தண்ணீர் இறைத்துச் சலித்த நாம், எல்லோர் கிணற்றுக்கும் ஒரே மூச்சில் ஆயில் எஞ்சின் வாங்கிவிடத் துடித்தோம். சவேரியம்மா எழுந்தார். "முதல்ல ஒரு கிணத்துல ஓட்டிப் பாக்கலாம்" என்றார்.

"பெங்களூர்ப் பக்கமெல்லாம் ஓடுதேக்கா, இங்க மட்டும் என்ன கேடு?" என்றேன்.

"அது அவங்க கிணறு தம்பி. ஒரு கிணறு வத்தினா பக்கத்துல தண்ணி கேக்கலாம். எல்லாக் கிணறும் ஒண்ணா வத்தினா யாரைப் போயி கேப்ப?"

யார் கிணற்றில் என்றதும் ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டோம். சவேரியம்மா தன் கிணற்றையே கொடுத்தார். அந்தத் தண்ணீரில் விளையும் கிழங்கை நம்பித்தான் மகள் கல்யாணத்தை வைத்திருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தபசுக்காலம் தொடங்கிவிட்டால் கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் கிழங்கு எடுத்தாக வேண்டும். தெரிந்தேதான் கொடுத்தார்.

எஞ்சின் ஓடிய முதல் காலை இப்போதும் எனக்குக் கனவு மாதிரிதான் இருக்கிறது. பனிக்குள்ளிருந்து புகை எழ, குழாய் வாயில் தண்ணீர் வெள்ளையாகக் குதித்தது. செடிகளெல்லாம் மிதப்பதுபோல் தெரிந்தன.

கவலை இறைக்கிற வழக்கப்படியே விடியலிலிருந்து உச்சிவரை ஓட்டினோம். அதுதான் பிசகு. மாடு ஒவ்வொரு முறையும் பின்வாங்கி வரும் நேரத்தில் கிணறு ஊறிக்கொள்ளும். எஞ்சின் எங்கே நிற்கிறது? சில நாளில் தண்ணீர் மளமளவென்று இறங்கி, நனைந்த பக்கச்சுவர் சரிந்து, ஊற்றுக்கண்ணை மண் மூடிவிட்டது.

தூர் வாரி முடிப்பதற்குள் செடி காய்ந்துபோனது. கிணற்று மேட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழே நூல்போல ஊறிய தண்ணீரில் வானம் துண்டுதுண்டாகச் சேர்ந்துகொண்டிருந்தது. "அதுக்கும் மூச்சு வாங்க நேரம் வேணுமில்ல" என்றார்.

எனக்கு ஆற்றாமை பொங்கியது. "உங்களுக்கு ஏன்க்கா இந்த வேண்டாத வேலை? பொண்ணு கல்யாணம் நின்னுபோச்சே!"

"தள்ளித்தானே போச்சு, கத்தாத. எஞ்சினைத் திட்டாத, அது நல்லாத்தான் ஓடுது. நமக்குத்தான் ஓட்டத் தெரியல."

அதன்பின் கிணறுகளின் உட்சுவருக்குக் கல்கட்டு வைத்தோம். சிறிய எஞ்சின்களாக வாங்கி, விட்டுவிட்டு ஓட்டக் கற்றோம். அவர் கிணற்றைத் தவிர வேறொரு கிணறும் சரியவில்லை. இன்று தோட்டத்துக்குத் தோட்டம் எஞ்சின் ஓடுகிறது.

ஈஸ்டர் கழிந்துதான் கல்யாணம் நடந்தது. அங்கத்தினர் ஒவ்வொருவரும் தங்கள் தோட்டத்துக் கிழங்கைக் கூடையில் கொண்டுவந்து இறக்கினார்கள். பந்தியில் எனக்குச் சவேரியம்மாவே பரிமாறினார். "எல்லார் தோட்டத்துக் கிழங்கும் இருக்கு தம்பி, என் தோட்டத்துதுதான் இல்ல. நல்லா சாப்பிடு" என்று சொல்லிச் சிரித்தார்.

புதிதாக ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். சோதனை கெட்டுப்போனால் அது யார் வீட்டில் விழுகிறது என்பதை அக்காவிடம்தான் பார்த்தேன். இந்த வாரக் கூட்டத்தில் புதுவகை விதைக்கிழங்கு பேச்சுக்கு வருகிறது. முதல் பாத்தி என் தோட்டத்தில்.