சட்டைப்பையில் மிளகாய்த்தூள்

டென்மார்க்கின் ஒடென்சே நகருக்குச் சுற்றுலா சென்றபோது பஸ்ஸில் என்னருகே அமர்ந்து வந்தவர் என்னிலும் மூத்தவர். கழுத்துப்பட்டி அணிந்த கனவான். அந்நகரின் சந்தையில் வியட்நாமியப் பெண்ணொருத்தி, மெல்லிய அரிசிமாத் தாளில் இறாலும் பச்சிலையும் வைத்துச் சுருட்டித் தந்தாள். அவர் வாயில் வைக்குமுன்னரே சட்டைப்பையிலிருந்து குப்பியொன்றை எடுத்து, மிளகாய்த்தூளை அதன்மீது கொட்டினார்.

“அண்ணை, முதல்ல ருசி பாக்கிறேல்லையோ?” என்றேன்.

“தூள் போடாமல் என்னத்தை ருசி பாக்கிறது தம்பி?”

மென்றவர் முகஞ்சுளித்தார். “வெறும் தூள்தான் ருசிக்குது. கைப்பக்குவம் காணாதெண்டு அவவிட்டச் சொல்லும்.”

அவளோ தீர்ப்பை எதிர்பார்த்து எங்கள் முகங்களையே நோக்கி நின்றாள்.

“மிக நன்றாக இருக்கிறதாம்” என்று டேனிஷில் கூறினேன்.

மகிழ்ந்துபோனவள் இன்னொன்றைச் சுருட்டி, அன்பளிப்பாக அவரிடமே நீட்டினாள். அவர் நன்றிகூடச் சொல்லாது மறுபடியும் குப்பியைத் திறந்தார். அவளுக்காக நான் சொன்ன பொய்யும் அவருக்கே பலகாரமாயிற்று.